செய்தி கேட்கும் சமுதாயமா? செய்தி அறிந்த சமுதாயமா?



2025 நவம்பர் மாத இறுதி. ஒரு சிற்றூர்ப் பள்ளிவாசலில் மஃரிப் தொழுதுவிட்டு வெளியே வந்தேன். அந்த ஊர் முத்தவல்லி என்னைத் தனியே அழைத்தார். அவர் கையில் ஒரு மஞ்சள் துணிப்பை. அதற்குள் மடிப்பு கிழிந்த பழைய பத்திரங்கள். "ஹஜ்ரத், உமீத் உமீதுன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது என்ன? நாமளும் ஏதாவது செய்யணுமா?" என்று கேட்டார்.

சகோதரர்களே! உமீத் என்பது வக்ஃப் சொத்துக்களின் விவரங்களைப் பதிவேற்றுவதற்காக மத்திய அரசு 2025 ஜூன் 6 அன்று தொடங்கிய இணையதளம். அதற்குச் சட்டம் கொடுத்த அவகாசம் ஆறு மாதம். அந்தப் பெரியவர் என்னிடம் கேட்டபோது மிச்சம் இருந்தது பத்து நாட்கள் கூட இல்லை!

இதில் வேதனை என்ன தெரியுமா? அதே ஊரிலிருந்துதான் ஏப்ரல் மாதம் வக்ஃப் திருத்தச் சட்டத்தைக் கண்டித்து இரண்டு வேன் நிறைய ஆட்கள் ஆர்ப்பாட்டத்துக்கு வந்தார்கள். தொண்டை வறளக் கோஷம் போட்டார்கள். அன்று மேடையில் பேசியவர்களில் நானும் ஒருவன். நாற்பது நிமிடம் பேசினேன். ஆறு மாதத்துக்குள் பதிவேற்ற வேண்டும் என்ற விதி அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருந்தது. அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன்? நான் அந்தச் சட்டத்தைக் கடைசி வரை படித்திருக்கவில்லை. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

எதிர்த்தது தவறா? இல்லை. அது நம் உரிமை, நம் கடமை. ஆனால் எதை எதிர்க்கிறோமோ அதை முழுதாக அறிந்திருக்க வேண்டாமா? நம்மிடம் செய்தி கேட்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். செய்தி அறிந்தவர்கள் எத்தனை பேர்? இந்தக் கேள்வியைத்தான் இந்த இதழில் உங்கள் முன் வைக்கிறோம். குறிப்பாக ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். கனவு காணும் இளைஞர்கள் முன்னும், அவர்களைப் பெற்ற வணிகப் பெருமக்கள் முன்னும்!

உலகச் செய்தி நமக்கு எதற்கு, தொழுது நோன்பு வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்குச் சீறாவிலிருந்தே பதில் சொல்வோம். மக்காவில் கொடுமை தாங்க முடியாமல் போனபோது, நபித்துவத்தின் ஐந்தாம் ஆண்டில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களை எங்கே அனுப்பினார்கள்? கடல் கடந்து அபிசீனியாவுக்கு! அங்கே ஆள்பவர் யார், அவர் நீதி தவறாதவரா என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. முஸ்லிம்களுக்கு முதல் அடைக்கலம் கிடைத்ததற்குப் பின்னால் ஈமான் இருந்தது. அதோடு உலக நிலவரம் பற்றிய தெளிவும் இருந்தது. ரோமர்கள் பாரசீகர்களிடம் தோற்ற செய்தியையும், சில ஆண்டுகளில் அவர்கள் மீண்டும் வெல்வார்கள் என்ற முன்னறிவிப்பையும் சொல்லித் தொடங்கும் அத்தியாயம் ஒன்று திருக்குர்ஆனிலேயே இருக்கிறது. அன்றைய உலகின் இரண்டு வல்லரசுகளின் போரை மக்காவின் ஏழை முஸ்லிம்கள் கவனித்துக்கொண்டிருந்தார்கள். நாமோ நம் தெருவைத் தாண்டிப் பார்க்க மாட்டோம் என்கிறோம்!

சரி, அறியாமையால் நாம் இழந்தது என்ன? முன்னாள் தலைமை நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையிலான குழுவின் அறிக்கை 2006 நவம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அன்று நாட்டின் மக்கள் தொகையில் முஸ்லிம்கள் 13.4 சதவீதம். ஐ.ஏ.எஸ். பணியில் 3 சதவீதம். ஐ.எஃப்.எஸ். எனப்படும் வெளியுறவுப் பணியில் 1.8 சதவீதம். ஐ.பி.எஸ். பணியில் 4 சதவீதம். இந்தப் புள்ளிவிவரத்தை மேடைதோறும் சொல்லிச் சொல்லி நமக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனால் அதே அறிக்கையில் இருக்கும் இன்னொரு செய்தியை நாம் சொல்வதில்லை. 2003, 2004 ஆண்டுகளில் சிவில் சர்வீஸ் எழுத்துத் தேர்வு எழுதியவர்களில் முஸ்லிம்கள் ஏறக்குறைய 5 சதவீதம்தான். எழுதியவர்கள் வென்ற விகிதமோ மற்றவர்களின் விகிதத்தை ஒட்டியே இருந்தது!

இதன் பொருள் என்ன? தேர்வுக் கூடத்துக்குப் போன நம் பிள்ளைகள் மற்றவர்களுக்கு இளைத்தவர்கள் அல்ல. போகாதவர்கள்தான் அதிகம். வறுமை ஒரு காரணம். பாரபட்சம் பற்றிய அச்சம் ஒரு காரணம். வழி சொல்ல ஆளில்லாதது ஒரு காரணம். இவற்றை மறுக்கவில்லை. ஆனால் கதவைத் தட்டாமலேயே பூட்டியிருக்கிறது என்று திரும்பி வந்தவர்களும் நாம்தானே?

இளைஞனே! அந்தத் தேர்வு என்னவென்று முதலில் தெரிந்துகொள். முதல்நிலைத் தேர்வில் இரண்டு தாள்கள். பொது அறிவுத் தாள் 200 மதிப்பெண், 100 கேள்விகள். தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். சிசாட் என்னும் இரண்டாம் தாளில் 33 சதவீதம் எடுத்தால் போதும். அடுத்து முதன்மைத் தேர்வு. கட்டுரை ஒன்று, பொது அறிவு நான்கு, விருப்பப் பாடம் இரண்டு என ஏழு தாள்கள். தாளுக்கு 250 வீதம் 1,750. நேர்முகத் தேர்வு 275. ஆக மொத்தம் 2,025. முதல்நிலை வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். ஆனால் முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். நேர்முகத்திலும் தமிழில் பேசலாம். தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம். ஆங்கிலத்தில் ஒரு தகுதித் தாள் மட்டும் தேற வேண்டும். ஆங்கிலம் வராது என்று இனி யாரும் ஒதுங்க வேண்டாம்.

இந்தத் தேர்வின் எல்லாக் கட்டத்திலும் ஊடுருவி நிற்பது நடப்பு நிகழ்வுகள்தான். முதல்நிலையிலும் அதுதான், கட்டுரையிலும் அதுதான், நேர்முகத்திலும் அதுதான். அதை எப்படிப் படிப்பது? மூன்று செய்திகளை எடுத்துக்கொள்வோம். மூன்றும் நம் நெஞ்சைத் தொட்டவை.

முதலாவது, மேலே சொன்ன வக்ஃப் சட்டம். "அநியாயச் சட்டம்" என்று மட்டும் தேர்வில் எழுதினால் என்ன கிடைக்கும்? பூஜ்யம். அறிந்தவன் எப்படி எழுதுவான்? மசோதா 2024 ஆகஸ்டில் அறிமுகமானது. கூட்டுக் குழுவுக்குப் போனது. 2025 ஏப்ரலில் மக்களவையில் 288க்கு 232, மாநிலங்களவையில் 128க்கு 95 என்ற வாக்குகளில் நிறைவேறியது. சமய நிறுவனங்களை நிர்வகிக்கும் உரிமை அரசியல் சாசனத்தின் 26ஆம் பிரிவில் இருக்கிறது. அறக்கட்டளைகள் பொதுப்பட்டியலில் வருகின்றன. 2025 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஐந்தாண்டுகள் இஸ்லாத்தைப் பின்பற்றியவரே வக்ஃப் செய்யலாம் என்ற நிபந்தனை விதிகள் வகுக்கப்படும் வரை நிறுத்தப்பட்டது. அரசு அதிகாரியே விசாரித்து சொத்துரிமையை முடிவுகட்டும் பிரிவும் நிறுத்தப்பட்டது. ஆனால் முழுச் சட்டத்துக்கும் தடை கிடைக்கவில்லை. பதிவு செய்யும் விதிக்கும் தடை கிடைக்கவில்லை. பதிவு என்பது 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே ஏதோ ஒரு வடிவில் இருந்து வருகிறது என்பதை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. இத்தனையும் தெரிந்தவனுக்குத் தேர்வில் மதிப்பெண் கிடைக்கும். அதைவிட மேலாக, அவன் ஊர்ப் பள்ளிவாசலின் பத்திரம் துணிப்பையிலேயே தூங்கியிருக்காது!

இரண்டாவது, பாலஸ்தீனம். காஸாவின் குழந்தைகளுக்காக அழாத முஸ்லிம் வீடு உண்டா? துஆவில் கையேந்துகிறோம். ஆனால் ஒரு கல்லூரி மாணவனிடம் இந்தியாவின் நிலை என்ன என்று கேட்டால் விழிக்கிறான். 1947ல் ஐ.நா. பொதுச்சபையில் பாலஸ்தீனத்தைப் பிரிக்கும் 181ஆம் தீர்மானம் வந்தபோது இந்தியா எதிர்த்து வாக்களித்தது. 1988ல் பாலஸ்தீன அரசை அங்கீகரித்தது. 1992ல் இஸ்ரேலுடன் முழுத் தூதரக உறவு வைத்துக்கொண்டது. இந்த மூன்று ஆண்டுகளையும் ஏன் எதற்கு என்று விளக்கத் தெரிந்தால் நாட்டின் வெளியுறவுக் கொள்கை பாதி விளங்கிவிடும். அதன்மேல் அண்மைச் செய்திகளை அடுக்கு. 2023 டிசம்பரில் தென்னாப்பிரிக்கா சர்வதேச நீதிமன்றத்தில் இஸ்ரேல் மீது இனப்படுகொலை வழக்குத் தொடுத்தது. 2024 ஜனவரி 26 அன்று அந்த நீதிமன்றம் இடைக்கால உத்தரவுகள் பிறப்பித்தது. 2024 ஜூலை 19 அன்று, ஆக்கிரமிப்புப் பகுதிகளில் இஸ்ரேல் தொடர்ந்து இருப்பது சட்டவிரோதம் என்று ஆலோசனைக் கருத்து வழங்கியது. உத்தரவுக்கும் ஆலோசனைக் கருத்துக்கும் என்ன வேறுபாடு? ஹேக் நகரில் இருக்கும் சர்வதேச நீதிமன்றம் வேறு, அதே நகரில் இருக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் வேறு என்பது தெரியுமா? கண்ணீரோடு இந்த அறிவும் சேர்ந்தால்தான் நம் குரலுக்கு எடை வரும்.

மூன்றாவது செய்தி வணிகப் பெருமக்களுக்கு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை ஊர்களின் தோல் தொழில் நம் சமுதாயத்தின் முதுகெலும்புகளில் ஒன்று. 2023 நவம்பர் முதல் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டன. பல கப்பல்கள் சூயஸ் கால்வாயை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போயின. வாடகை ஏறியது, சரக்கு தாமதமானது. இதைக் கல்லாவில் இருந்த அத்தா நஷ்டமாக அறிந்தார். அவர் மகன் இதைப் பாபுல் மந்தப் நீரிணை, சூயஸ், நன்னம்பிக்கை முனை என்று வரைபடம் விரித்துப் படிக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றின் மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக உயர்த்தியது. ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டியது. அதன்பின் அந்த விகிதம் என்னென்ன மாற்றம் கண்டது, ஏன் கண்டது என்று தேதிவாரியாக நீயே எழுதிப் பார். அதுவே உன் முதல் பயிற்சி. 2025 ஜூலை 24 அன்று பிரிட்டனுடன் கையெழுத்தான வணிக ஒப்பந்தத்தில் தோல் பொருட்களுக்கும் காலணிகளுக்கும் என்ன சலுகை என்பதையும் தேடு. அத்தாவின் நஷ்டக் கணக்கும் மகனின் பாடப் புத்தகமும் ஒன்றுதான் என்பது அப்போது விளங்கும்.

ஒரு பழைய செய்தியையும் நினைவூட்டுகிறோம். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்பளித்தது. பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகளுக்குத் தலைக்கு 10,000 ரூபாய் அபராதம். சுத்திகரிப்பு ஏற்பாடு செய்யாவிட்டால் மூட வேண்டும். "மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்" என்ற கோட்பாடும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. இன்று டில்லியிலும் பாட்னாவிலும் ஐ.ஏ.எஸ். படிக்கும் பிள்ளைகள் "வேலூர் வழக்கு" என்று அதை மனப்பாடம் செய்கிறார்கள். நம் ஊர், நம் ஆறு, நம் தொழில்! அதைப் பற்றி நம் பிள்ளைகளுக்குத் தெரியாது என்றால் வெட்கம் அல்லவா? அந்த வழக்கில் நம் பக்கத்துத் தவறும் இருந்தது என்பதையும் மறைக்காமல் படிக்க வேண்டும். நமக்குப் பாதகமான உண்மையையும் நேர்மையாக எழுதத் தெரிந்தவனே அதிகாரியாகத் தகுதியுள்ளவன். நமக்கே எதிரானாலும் நீதிக்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்பதுதானே மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்தது?

இங்கே ஓர் எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் செய்தி அல்ல. தீயவன் ஒரு செய்தி கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள், இல்லையேல் அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டு வருந்துவீர்கள் என்ற கருத்தில் நம் வேதம் கட்டளையிடுகிறது. நம்மை இழிவுபடுத்தும் பொய்யை மற்றவர்கள் பரப்பினால் கொதிக்கிறோம். நமக்கு இனிக்கும் பொய்யை நாமே பத்துக் குழுக்களுக்கு அனுப்புகிறோம். இது எந்த ஊர் நியாயம்? அரசின் செய்தி என்றால் பி.ஐ.பி. எனப்படும் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் குறிப்பைப் பார். சட்டம் என்றால் சட்டத்தின் வாசகத்தையே பார். தீர்ப்பு என்றால் தீர்ப்பைப் பார்.

படிக்கும் முறை கடினமானதல்ல. காலையில் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம். ஒரு தமிழ் நாளேடு, ஒரு ஆங்கில நாளேடு. அரசு வெளியிடும் "திட்டம்" மாத இதழ். சினிமாவையும் சண்டைச் செய்திகளையும் விடு. ஒவ்வொரு முக்கியச் செய்திக்கும் ஐந்து கேள்விகள் கேள். இது எந்தச் சட்டம் அல்லது சாசனப் பிரிவில் வருகிறது? எந்த நிறுவனம் முடிவெடுக்கிறது? இதன் வரலாறு என்ன? ஆதரிப்பவர் வாதம் என்ன, எதிர்ப்பவர் வாதம் என்ன? தீர்வு என்ன? நான்காவது கேள்வியில்தான் நம்மவர்கள் தடுக்கி விழுகிறார்கள். எதிர்த்தரப்பின் வாதத்தைப் படிப்பது அதை ஒப்புக்கொள்வதாகாது. அது தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரு செய்திக்கு அரைப்பக்கம் என்று நோட்டில் எழுது. வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குப் பின் நான்கு நண்பர்கள் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேளுங்கள்.

இனி, பலர் கோட்டை விடும் ஒரு காரியம். பொதுப்பிரிவினருக்கு வயது வரம்பு 32, ஆறு முறை எழுதலாம். மத்திய அரசின் ஓ.பி.சி. பிரிவினருக்கு 35 வயது, ஒன்பது முறை. 27 சதவீத இடஒதுக்கீடு. தமிழகத்து லெப்பைகள், ராவுத்தர், மரைக்காயர் உட்பட, அந்த மத்தியப் பட்டியலில் இருக்கிறார்கள். மற்ற பிரிவினர் பட்டியலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஆனால் நம்மிடம் இருக்கும் மாநிலச் சாதிச் சான்றிதழ் இதற்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், வசதி படைத்த பிரிவில் வராதவர் என்ற ஓ.பி.சி. சான்றிதழைத் தனியே வாங்க வேண்டும். பெற்றோரின் ஆண்டு வருமானம் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் 8 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் இருந்தால் கிடைக்காது. வணிகர்களே! உங்கள் கணக்கு வழக்கு ஒழுங்காக இருப்பது வரித்துறைக்காக மட்டும் அல்ல, உங்கள் பிள்ளைக்காகவும்தான்.

உதவி இல்லை என்றும் சொல்ல வேண்டாம். சென்னையில் தமிழக அரசின் அகில இந்தியக் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம் இருக்கிறது. நுழைவுத் தேர்வில் தேறினால் தங்கிப் படிக்கலாம். 2023ல் தமிழக அரசு நான் முதல்வன் திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்படும் 1,000 பேருக்கு மாதம் 7,500 ரூபாயும், முதல்நிலையில் வென்றவர்களுக்கு 25,000 ரூபாயும் அறிவித்தது. பெண்களுக்குத் தேர்வுக் கட்டணமே இல்லை. நம் சகோதரிகளைப் பட்டப்படிப்போடு நிறுத்திவிடும் பெற்றோர் இதைக் கவனிக்கட்டும்! பள்ளித் தேர்வு முடிவுகளில் முன்னே நிற்கும் நம் பெண்பிள்ளைகள் இந்தத் தேர்வுக்கும் தகுதியுள்ளவர்கள்தாம்.

வணிகப் பெருமக்களே! 1919ல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியும், 1951ல் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும் எழுந்தது யாருடைய பணத்தில்? உங்களைப் போன்ற வணிகர்களின் பணத்தில்தானே? அவர்கள் கல்லூரியே கட்டினார்கள். உங்களிடம் நாங்கள் கேட்பது மிகச் சிறியது. உங்கள் மஹல்லா பள்ளிவாசலின் மாடியில் ஓர் அறை. ஒரு மேசை, இரண்டு நாளேடுகள், ஒரு உலக வரைபடம், அரசியல் சாசனம் ஒரு பிரதி, ஒரு கணினி. கல்யாணப் பந்தலில் ஒரு வேளை பிரியாணிக்குச் செலவாகும் தொகையில் இதை ஓராண்டு நடத்தலாம். கடையில் வேலை செய்யும் பையன் பட்டதாரி என்றால், தினமும் இரண்டு மணி நேரம் அவனுக்கு விடுமுறை கொடுங்கள். நாளை அவன் கலெக்டராகாமல் போகலாம். ஆனால் அரசாணையை வாசித்து விளக்கத் தெரிந்த ஒருவன் உங்கள் ஜமாஅத்துக்குக் கிடைப்பான். அது போதாதா?

இளைஞனே! ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் இடங்கள்தான். போட்டியிடுபவர்கள் பல லட்சம். எல்லோரும் வெல்ல முடியாது என்பதை மறைக்க மாட்டோம். ஆகவே மாநிலத் தேர்வாணையத்தின் குரூப் 1 தேர்வையும் சேர்த்துப் படி. அங்கே 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. போராடிப் பெற்ற அந்த இடங்களை நிரப்புவதும் ஒரு போராட்டம்தான்!

அபிசீனியாவுக்கே திரும்புவோம். அகதிகளைத் திருப்பி அனுப்பக் கோரி மக்காவின் தூதர்கள் பரிசுப் பொருட்களோடு மன்னர் நஜ்ஜாஷியின் அவையில் நின்றார்கள். முஸ்லிம்களின் சார்பில் எழுந்தவர் ஜஅஃபர் பின் அபீதாலிப் (ரலி). அவர் கூச்சலிடவில்லை, கெஞ்சவும் இல்லை. தாங்கள் எப்படி இருந்தோம், எப்படி மாறினோம், ஏன் வந்தோம் என்று அடுக்கி எடுத்துரைத்தார். மன்னருடைய மார்க்கம் எது என்பது அவருக்குத் தெரியும்; எனவே மர்யம் (அலை) அவர்களைப் பற்றிய வசனங்களைத் தேர்ந்தெடுத்து ஓதினார். மன்னர் கண் கலங்கினார். தூதர்கள் கொண்டுவந்த பரிசுகள் திரும்பிப் போயின. அறிந்து பேசிய ஒருவர் ஒரு சமுதாயத்தையே காத்தார்!

அப்படிப்பட்ட ஒருவரை ஒவ்வொரு ஊரிலிருந்தும் உருவாக்குவோம். அந்த முத்தவல்லியின் துணிப்பை இன்னொரு முறை கடைசிப் பத்து நாட்களில் நம்மிடம் வரக் கூடாது. நாளைக் காலை நாளேட்டைக் கையில் எடுங்கள். கூடவே ஒரு பேனாவையும் எடுங்கள். வல்ல அல்லாஹ் நமக்குப் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக! ஆமீன்.